போர்வெனிருக்கு ஒரு சீட்டு

போர்வெனிர் என்றால் எங்கள் மொழியில்
வருங்காலம்.
மகெல்லன் நீரிணைக்கு அக்கரையில்
தகரக் கூரைகளாய் ஓர் ஊர், வேறொன்றுமில்லை.
ஆறு வருடமாக அதற்குப் படகுச் சீட்டு விற்கிறேன்.
போக மட்டுமா, போய்வரவா
என்று கேட்பது என் வேலை.

இருபத்தாறாம் வயதில் கழுத்தோரம்
செர்ரிக் கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது.
குளிருக்குக் கட்டிய துணியை
இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்,
இரண்டு மாதம்.

பிறகு பயாப்ஸி, ஸ்கேன்,
மருத்துவரின் மேசையில் பாதி கடித்த எம்பனாடா.
அவர் சொன்னதில் ஏதும் நினைவில்லை.
எம்பனாடாவுக்குள்ளிருந்து ஓர் ஆலிவ்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முடி கொட்டி முடிந்த வாரம்
அலுவலகச் சுவரில் என் படத்தை மாட்டினார்கள்.
மஞ்சள் தொப்பி போட்ட படம்.
"எங்கள் யாஸ்னா, எங்கள் தெம்பு" என்று கீழே.
சீட்டு வாங்க வருபவர்கள்
கண்ணாடித் துளை வழியே என் விரல்களைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
கம்பளி மூட்டையோடு வந்த ஒருவர் அழுதே விட்டார்.
வரிசை நீள்கிறதே என்று இருந்தது எனக்கு.

படத்தில் இல்லாதது:
அம்மா வைத்த சூப்பைச் சுவரில் எறிந்தேன்.
கருமுட்டை எடுத்து வைக்க
சாந்தியாகோ போக வேண்டும், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள்.
கட்டி பதினைந்து நாள் தரவில்லை.
மிர்கோ நல்லவன்.
நவம்பரில் போய்விட்டான்.
நல்லவனாகவே போனான், அதுதான் தாங்கவில்லை.

நான்காவது சுற்று அன்று
காற்று மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
இப்படிப்பட்ட நாளில் எங்கள் ஊரில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்
பிடித்துக்கொண்டு நடக்க.
துறைமுகம் மூடல். படகு இல்லை.
முந்தின நாளே அக்கரையிலிருந்து வந்துவிட்ட ஒருவன்தான்
பக்கத்து நாற்காலியில்.
பத்தொன்பது இருக்கும். நவேல்.

"நீங்கள் சீட்டுக்காரி" என்றான்.
கிதார் உறையோடு வந்துபோகும் பையன்;
எப்போதும் போய்வரத்தான் வாங்குவான்.
இந்தத் தடவை திரும்பும் சீட்டு வாங்கவில்லையாம்.
எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லையாம்.

சிவப்பு மருந்து அவனுக்குள் இறங்கத் தொடங்கியது.
அந்த மஞ்சள் தொப்பிக்காரி ஏதாவது நன்றாகச் சொல்லியிருப்பாள்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
அவன்தான் கேட்டான்:
"வாயில் ஏன் சாவிக்கொத்தை ஊறப்போட்ட மாதிரி இருக்கிறது?"

இரும்புக் கரண்டியைத் தூக்கிப் போடு, என்றேன்.
மரக்கரண்டி வாங்கு.
காலஃபாத்தே ஜாம் மட்டும் ருசி மாறாது,
ஏனென்று கேட்காதே.
சிறுநீர் சிவப்பாகப் போகும், அலறாதே,
நான் அலறி மாடிவீடு வரை கேட்டது.
பிள்ளை பெறுவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டாயா?
வெட்கப்படாமல் இன்றைக்கே கேள்.
மூன்றாம் நாள் மோசமாக இருக்கும்.
நாலாம் நாள் என்று ஒன்று உண்டு.
இரவில் கைப்பேசியில் எதையும் தேடிப் படிக்காதே,
என்னைக் கூப்பிடு.
எப்படியும் விழித்துத்தான் கிடப்பேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்,
மரக்கரண்டியில் ஓர் எழுத்துப்பிழையோடு.
செவிலி எடெல்மிரா
என் குழாயைச் சரிசெய்வதுபோல நின்று
முழுவதும் கேட்டுவிட்டு,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

பதினான்காம் தேதி எனக்கு ஸ்கேன்.
அதைப் பற்றி இதில் எழுதுவதாக இல்லை.

மூன்றாம் நாள் இரவு மணி அடித்தது.
வெகுநேரம் காற்றுச் சத்தம் மட்டும்.
அவன் ஜன்னலிலா, என் ஜன்னலிலா, தெரியவில்லை.
பிறகு கேட்டான்:
"நாலாம் நாள் எப்போது தொடங்கும்?"

வாந்தி வாளியை நகர்த்திவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டு ஐம்பது.
தொடங்கி மூன்று மணி நேரமாகப் போகிறது,
என்றேன்.

அதுவரை எனக்கும் தெரியாது.